வால்வுப் பக்கம் ஒருவர்

ஜூன் மாதத்து லெனேசியா. புல்லில் உறைபனி
காலை ஒன்பது வரை போகாது.
பதினோரு நாளாய் நானும் பூபாலனும்
உப்பு கேட்கக்கூட வாய் திறக்கவில்லை.
தம்பியின் டயர் கடைக்கு
என்னிடம் சொல்லாமல் ஜாமீன் போட்டுவிட்டான்.
கையெழுத்து சின்னது. வீடு பெரியது.

ஹீட்டர் மாட்ட வந்த தெபோஹோவுக்கு
இதெல்லாம் தெரியாது. அவனுடைய கையாள்
காய்ச்சலில் படுத்துவிட்டானாம்.
"வால்வுப் பக்கம் ஒருவர் வேண்டும்,
சுவர்ப் பக்கம் ஒருவர்," என்றான்.

அதனால் பூபாலன் வெளியே,
கம்பிக் கூண்டுக்குள் நிற்கும்
நாற்பத்தெட்டு கிலோ சிலிண்டருக்கு அருகில்.
நான் உள்ளே, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும்
ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீருமாக.
நடுவில் ஜன்னல். திறந்தே இருக்கட்டும் என்று உத்தரவு.
குளிர் நேரே வந்து சோபாவில் உட்கார்ந்தது,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கேஸுக்குத் தன் வாசம் என்று ஒன்றும் கிடையாதாம்.
அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் நாம் கலந்துவிடுவது.
"நாறினால் நல்லது. நாறாமல் கசிந்தால்தான் பயம்."
சாமி விளக்கை அணைக்கச் சொன்னான்.
அணைப்பது என்ற சொல் எங்களுக்கு ஆகாது;
பூவால் மலையேற்றினேன்.

வால்வு திறந்தது. ஒரு சின்னப் பெருமூச்சு.
முதல் இணைப்பில் நுரை தடவினேன். சும்மா இருந்தது.
இரண்டாவதும் சும்மா.
மூன்றாவது, ஜன்னலடியில் குழாய் மடங்கும் முழங்கையில்
ஒரு குமிழ். கடுகளவு.
அதன் முதுகில் இன்னொன்று.
பிறகு நிற்கவே இல்லை.

நாங்கள் சண்டை போடுவது ஆங்கிலத்தில்.
கணக்கு, கடன், மகளின் பள்ளிக் கட்டணம்,
எல்லாமே ஆங்கிலம்தான்.
அப்போது வாயில் வந்ததோ,
"மூடு!"
"எதை?"
"வாயையா சொல்றேன்? வால்வை!"
தமிழ் தெரியாத தெபோஹோவும்
ஸ்பானரோடு எழுந்து நின்றான்.

மூடினான். இங்கே கால் சுற்று முறுக்கினார்கள்.
திற என்றேன். திறந்தான்.
புது நுரை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.
ஜன்னலில் அவன் முகம்.
"வருதா?"
"இல்லை."
"நல்லாப் பாரு."
"பார்த்துட்டேன்."

அடுத்தது பைலட். பட்டனை அழுத்திப் பிடித்து
முப்பது எண்ண வேண்டும்.
முதல் தடவை குழாயில் வெறும் காற்று.
இரண்டாவது தடவை பிடித்தது; கையை எடுத்ததும் செத்தது.
"ஐந்து நிமிடம்," என்றான் தெபோஹோ.
"தேங்கியது கலையட்டும். அவசரப்பட்டால் புருவம் போகும்."

மூன்று பேரும் நின்றோம்.
பூபாலன் உள்ளே வந்திருந்தான்,
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு.
"பேங்க்ல கேட்டேன்," என்றான் சுவரைப் பார்த்து.
"போட்டதைத் திரும்ப எடுக்க முடியாதாம்."
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் மூன்று நிமிடம்.

மூன்றாவது தடவை
பல்லி நாக்களவு நீலம்.
முப்பது வரை நான் எண்ணினேன்.
நம்பாமல் நாற்பது வரை அவன் எண்ணினான்.
பட்டனை விட்டோம். நின்றது.
பிறகு பெரிய தீ, வரிசை முழுக்க நீலம்.
மஞ்சள் அடித்தால் உடனே மூடிவிட்டுக் கூப்பிடச் சொன்னான்.
புதுப் பெயிண்ட் கருகும் வாசம் ஒரு மணி நேரம் இருக்கும்,
அதுவரை ஜன்னலைச் சாத்தக் கூடாது.
படுக்கையறை வாசலில் விஷவாயு அலாரத்தை
அழுத்திக் காட்டினான். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

கடைசியாகச் சான்றிதழ்.
"வீட்டுக்காரர் இங்கே ஒரு கையெழுத்து."
பேனாவை வாங்கிய பூபாலன்
மூடியைக் கழற்றினான். போடவில்லை.
காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தான்.

படித்தேன். பொடி எழுத்து.
பின்பக்கமும் இருந்தது. அதையும் படித்தேன்.
ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.
முதுகில் குளிர்.
முழங்காலில் மட்டும் லேசாகச் சூடு.